தூங்கானை மாடமும் தொண்டை நாட்டுத் தச்சர் மரபும்



சித்திரைத் திங்கள் சதய நாளையொட்டி மாசிலாமணிப் பெருமானின் திருமேனியினின்று சந்தனக் காப்புக் களையப்பெறும் வேளையில், வட திருமுல்லைவாயிலில் அடியார் கூட்டம் அலைமோதும். ஆண்டு முழுதும் சந்தனத்துள் மறைந்திருக்கும் வாள் தழும்பைக் கண்டு உள்ளம் உருகாதார் இலர். கொடியிடை நாயகியை வணங்கி, எருக்கந் தூண்கள் இரண்டையும் கண்டு வியந்து, பெருமானை நோக்காது வெளிப்புறம் நோக்கி அமர்ந்திருக்கும் நந்தியெம்பெருமானைத் தொழுது, யாவரும் இல்லம் ஏகுவர். ஆயினும், வலம் வருங்கால் கருவறையின் பின்புறத்தே சற்று நின்று, அண்ணாந்து விமானத்தை நோக்குவார் மிகச் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவராதல் வேண்டும் என்பதற்காகவே இவ்வுரை எழுந்தது.

தல வரலாறு நீங்கள் அறிந்ததே. ஓணன், வாணன் என்னும் குறும்பரை வெல்லப் புறப்பட்ட தொண்டைமானின் யானையை முல்லைக் கொடிகள் காலிற் சூழ்ந்து தடுத்தன. மன்னன் வாளால் கொடியை வீசினான், குருதி பெருகிற்று, கொடியின் அடியில் பெருமான் வெளிப்பட்டருளினார். பிழையுணர்ந்த மன்னன் தன் கழுத்தை அரியத் துணிந்தபோது இறைவன் தடுத்தாட்கொண்டு, நந்தியெம்பெருமானைத் துணையாக விடுத்தருளினார். இச்செய்தியைச் சுந்தரமூர்த்தி சுவாமிகளே இத்தலத்துத் திருப்பதிகத்தில் குறித்துள்ளார். திருவொற்றியூரைப் பிரிந்து, கண்ணொளி இழந்த நிலையில் சுவாமிகள் இங்கு வந்து பாடியருளினார் என்பது சேக்கிழார் வாக்கால் நாம் அறிவது.

இனி விமானத்தைக் காண்போம். பெரும்பாலான சிவாலயங்களில் கருவறை நாற்கோணமாயிருக்கும். மாசிலாமணீசர் கருவறையோ முன்புறம் நேராகத் தொடங்கிப் பின்புறம் அரைவட்டமாக வளைந்து முடிகின்றது. மேலுள்ள கூரையும் அவ்வளைவையே தழுவி நிற்கின்றது. பின்னின்று நோக்குங்கால், களிறொன்று கால் மடித்துப் படுத்துறங்குவது போன்ற தோற்றம். வடநூலார் இதனைக் கஜபிருஷ்டம் என்பர். யானையின் பின்புறம் என்பது பொருள். நம் முன்னோர் தூங்கானை மாடம் என்று அழகுற அழைத்தனர். நடுநாட்டுப் பெண்ணாகடத்தில் இப்பெயரே திருக்கோயிலின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

தொண்டைமானின் யானை நின்ற ஊரில் யானை வடிவிலேயே விமானம் அமைந்தது எத்துணைப் பொருத்தம் என்று உள்ளம் களிக்கின்றது. களிப்பதில் தவறில்லை. ஆயினும், அந்த யானையின் நினைவாகவே இவ்வடிவம் தோன்றிற்று என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. ஏனெனில், இவ்வடிவம் இவ்வூர்க்கு மட்டும் உரியதன்று. அண்மையிலுள்ள பாடித் திருவலிதாயத்தும், திருவேற்காட்டும், கடற்கரையில் திருவொற்றியூரிலும், தெற்கே திருக்கழுக்குன்றத்துத் தாழக் கோயிலிலும் தூங்கானை மாடங்களே உள்ளன. அங்கெல்லாம் தொண்டைமான் யானை கொடியிற் சிக்கவில்லை. ஆகவே, இது தொண்டை நாட்டுத் தச்சர்களின் பொதுக் கையெழுத்து என்று கொள்வதே வரலாற்று நெறி. புராணம் பெருமானின் கருணையை உணர்த்துகின்றது. கல்லோ அந்நாட்டுக் கைகளின் மரபை உணர்த்துகின்றது. இரண்டும் நமக்கு வேண்டுவனவே.

பாரத நாட்டுக் கோயில்களை நாகரம், வேசரம், திராவிடம் என மூவகையாகப் பகுப்பது சிற்ப நூல் வழக்கு. இமயம் முதல் விந்தம் வரை நாகரம், விந்தம் முதல் கிருஷ்ணை வரை வேசரம், கிருஷ்ணை முதல் குமரி வரை திராவிடம் என்று நிலத்தால் பகுப்பதுண்டு. மயமதம் முதலிய தென்னாட்டு நூல்களோ வடிவத்தால் பகுக்கும்: நாற்கோணம் நாகரம், ஆறு கோணமும் எட்டுக் கோணமும் திராவிடம், வட்டமும் யானை முதுகும் வேசரம். இப்பகுப்பின்படி நோக்கின், திராவிட நாட்டின் நடுவே முல்லைவாயிலில் நிற்பது வேசர வடிவம். நிலத்துக்கு ஒரு பாணி என்று வேலி கட்டிப் பிரிக்க இயலாது என்பது இதனால் விளங்கும். கருநாடகத்துப் பட்டதக்கல்லில் வடநாட்டுச் சிகரமும் தென்னாட்டு விமானமும் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்கின்றன. அதற்கு அணித்தான ஐஹொளெயிலோ தூங்கானை வடிவக் கோயில் ஒன்றுண்டு. பெருமழை பொழியும் சேர நாட்டில் சரிந்த கூரையுடன் வட்டக் கருவறைகள் எழுந்தன. திருச்சூர் வடக்குநாதர் சந்நிதி அத்தகையது. அப்பர் பெருமானும் தம் அடைவுத் திருத்தாண்டகத்தில் கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் எனப் பலவகைக் கோயில்களை எடுத்தோதியுள்ளார். ஒரு பொருளாகிய இறைவனுக்குப் பல வடிவ இல்லங்கள் என்பது நமக்குப் புதியதன்று.

தொண்டை நாட்டில் இம்மரபு எத்துணைத் தொன்மை உடையது என்பதை மூன்று தலங்களால் காட்டுவோம்.

முதலாவது, மாமல்லபுரம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் ஒற்றைக் கல்லில் குடைந்த தேர்களுள் நகுல சகதேவ ரதம் என வழங்குவது தூங்கானை மாடம். அதன் அருகே கல்யானை ஒன்று நிற்கின்றது. ரதத்தின் பின்புறத்தையும் யானையின் பின்புறத்தையும் ஒருங்கே நோக்குவார்க்கு, சிற்பியே தன் வேலைக்கு உரை எழுதி வைத்தாற்போல் தோன்றும்.

இரண்டாவது, திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அபராசிதவர்மப் பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் இதனைக் கல்லால் எடுப்பித்தார். அதனைப் போற்றி அம்மன்னனே இயற்றிய வெண்பா அங்குக் கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளது. அக்கோயிலும் தூங்கானை மாடமே.

மூன்றாவது, காளத்திக்கு அணித்தாய்ச் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள குடிமல்லம். இன்று அது ஆந்திர மாநிலத்தில் உளது. அங்குள்ள சிவலிங்கத் திருமேனி கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தது என அறிஞர் பலர் கருதுவர். அக்கோயிலை 1126ஆம் ஆண்டில் விக்கிரம சோழன் காலத்தில் கல்லால் புதுக்கிக் கட்டிய செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. 1973இல் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தபோது, அதற்கு முன்னிருந்த செங்கற் கட்டடமும் பின்புறம் வளைந்த வடிவினதே எனக் கண்டனர். அன்பர்களே, இதனை ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள்! ஆயிரம் ஆண்டுக்குக் குறையாத இடைவெளி. செங்கல் போய்க் கருங்கல் வந்தது. வடிவம் மட்டும் மாறவில்லை.

நேர்ச்சுவர் எழுப்புவதினும் வளைசுவர் எழுப்புவது பன்மடங்கு கடினம். நடுவில் முளையடித்து, கயிறு பிடித்து, வளைவு கீறி, அதிட்டானத்துக் கற்கள் ஒவ்வொன்றையும் அவ்வளைவுக்கு இயையச் செதுக்குதல் வேண்டும். சுவரும் கூரையும் அதனையே பின்பற்றுதல் வேண்டும். உச்சியிலும் ஒரு கலசம் போதாது. வரிசையாகப் பல கலசங்கள் வேண்டும். எளிய வழி இருந்தும் அரிய வழியையே அத்தச்சர்கள் தேர்ந்தனர். திருவொற்றியூரில் முதலாம் இராசேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதரின் ஏவலால் கருங்கல் விமானத்தை எடுத்தவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் எனக் கல்வெட்டுப் பெயர் சொல்லிப் போற்றுகின்றது. மன்னன் பெயரோடு தச்சன் பெயரையும் கல்லில் வெட்டிய பெருந்தன்மை அக்காலத்தது.

நம் காலத்து நிலை என்ன? திருப்பணி என்னும் பெயரால் மணலை விசையோடு வீசிக் கல்லைத் தேய்த்து, எழுத்து மங்கிப்போன ஆலயங்களை யாம் கண்டுள்ளோம். விமானத்தின் பின்புறம் தெரியாவண்ணம் தகரக் கொட்டகை வேய்ந்ததையும், கல்லின்மேல் வழுவழுப்பான ஓடுகளை ஒட்டியதையும் கண்டு வருந்தியுள்ளோம். பொருள் தந்தவர் பக்தியில் குறையில்லை. பணி செய்தவர் எண்ணத்திலும் தீமையில்லை. தாம் மறைப்பது இன்னதென அறியாமையே குறை. பழையது பொலிவற்றது, புதியது பளபளப்பது என்னும் மயக்கமே அதற்கு வேர். குடிமல்லத்தைப் புதுக்கிய சோழர் காலத்தவர் பழமையை அப்படியே விட்டுவைக்கவில்லை. கல்லால் மாற்றிக் கட்டினர். ஆனால் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்று அறிந்து கட்டினர். திருப்பணிக்கு ஒரு காசு தருவோரும் அவ்வறிவைப் பெறுதல் வேண்டும். “இக்கோயிலுக்கே உரிய அடையாளம் யாது?” என்று கேட்டறிந்த பின்னரே பணிக்கு இசைதல் வேண்டும்.

உருவமற்ற பரம்பொருள் உயிர்கள்மேல் வைத்த கருணையால் உருவம் கொள்கின்றது என்பது நம் சித்தாந்தம். வாள்பட்ட தழும்பைக்கூட மறைத்து மாற்றாமல் திருமேனியில் தாங்கியிருக்கிறார் மாசிலாமணிப் பெருமான். அவர் இல்லத்தின் பழைய வடிவை மாற்ற நமக்கு உரிமை ஏது?

அடுத்த முறை வலம் வருங்கால், பின்புறத்தே ஒரு கணம் நில்லுங்கள். உடன் வரும் குழந்தைகளுக்கு அவ்வளைவைக் காட்டி, “யானை உறங்குகிறது பார்” என்று சொல்லுங்கள். கண்ட குழந்தை வளர்ந்து காக்கும்.

திருச்சிற்றம்பலம்.