கீழாநெல்லிக்குத் தரமணியில் வைத்த பரீட்சை

தாம்பரம், சேலையூர் பக்கம் நல்ல மழை பெய்தால் போதும், காலி மனைகளில் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். இலைக்கு அடியில் குட்டிக் குட்டியாய்க் காய் தொங்குமே, அந்தச் செடிதான். மஞ்சள் காமாலை வந்தால் அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அது நிஜமாகவே வைரஸை விரட்டுமா? இதை முறைப்படி சோதித்துப் பார்த்தவர்கள் நமக்குப் பக்கத்தில், தரமணியில்தான் இருந்தார்கள்!

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வாளராக இருந்தவர் எஸ்.பி. தியாகராஜன். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் சோதனைக் குழாயில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 1982-ல் அவரது குழு எழுதியது. பிறகு, அந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் பரூக் பிளம்பர்க்கும் இவர்களோடு சேர்ந்தார்.

1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ரத்தத்தில் வைரஸைச் சுமந்தவர்களுக்கு வேளைக்கு 200 மி.கி. கீழாநெல்லிப் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990-ல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை வேறா, மண் வேறா என்றெல்லாம் விவாதம் நடந்தது. 2011-ல் எல்லாச் சோதனைகளையும் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் ஆய்வும், போலி மருந்தை விட இது மேல் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? பாட்டி கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. கண்ணில் மஞ்சளே தெரியாமல் பல வருடம் உள்ளே இருந்து, கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடலாம். "காமாலை இறங்கிவிட்டது" என்று நிம்மதியாக இருந்துவிடுவதில்தான் ஆபத்து.

தரமணிக்காரர்களை நான் மதிப்பது செடியை நம்பியதற்காக அல்ல, அதற்குப் பரீட்சை வைத்ததற்காக. போலி மருந்து சாப்பிட்ட அந்த 23 பேர் இல்லாவிட்டால் இது இன்றும் வெறும் நம்பிக்கையாகவே இருந்திருக்கும்.

நண்பர்களே, கீழாநெல்லி மனையிலேயே இருக்கட்டும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. வைரஸை அடக்கி வைக்க டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது காமாலை வந்தால், எந்த வகை என்று முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.