பிளாப்பியிலிருந்து சர்வர் வரை: எல்லையோரப் பஞ்சாயத்துகளில் கணினிக் காவல்

முன்னுரை

நெய்யாற்றின்கரை வட்டத்தில், கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டியுள்ள காரோடு, கேரளத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகளில் ஒன்று. இத்தகைய அலுவலகங்களின் கணினிகளை நச்சுநிரலிலிருந்து காப்பது எப்படி என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வேறு விடை சொல்லியிருக்கிறது. ஆவணம் இருக்கும் இடம் மாறியபோதெல்லாம் காவலும் அதைப் பின்தொடர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மேசையில் இருந்த ஆவணம்

1986இல் லாகூரில் எழுதப்பட்ட பிரெய்ன், 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி ஆகிய வைரஸ்கள் பிளாப்பி வழியே கைமாறிப் பரவின. ஜனவரி 5 அன்று கணினியை முடக்கி, பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்தால்தான் விடுவிக்கும் குறும்பு ஜோஷியுடையது. உள்ளே வரும் வட்டைச் சோதிப்பதே அன்றைய காவல். சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 போன்ற ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் அந்தத் தேவையிலிருந்து வளர்ந்தவை.

1999இல் உருவான இன்பர்மேஷன் கேரளா மிஷன், பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சேவனா, கணக்குக்குச் சாங்க்யா என்ற மென்பொருள்களைப் பஞ்சாயத்துகளுக்குத் தந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 வைரஸ் புகுத்துவதை இழப்பீட்டுக்குரியதாக்கியது. 2004இல் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் தேசிய அமைப்பான செர்ட்-இன் செயல்படத் தொடங்கியது.

2017: வலைவழி வந்த பூட்டு

2017 மே 12, வெள்ளிக்கிழமை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. மறுநாள் கேரள அலுவலகங்களுக்கு இரண்டாம் சனி விடுமுறை. திங்களன்று திறந்தபோது வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டையின் அருவாப்புலம் பஞ்சாயத்துகளில் கோப்புகள் பூட்டப்பட்டு, 300 டாலர் பிட்காயின் கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. யாரும் வட்டு செருகவேண்டிய தேவையே இருக்கவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு ஓட்டை போதுமாயிருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஆக, இரண்டு மாதத் தாமதமே வழிவிட்டது. அதே மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் முன்பே லினக்ஸுக்கு மாறியிருந்தன. விண்டோஸுக்கென எழுதப்பட்ட அந்நிரலுக்கு அங்கே வேலையில்லை.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையம் இன்னொரு பாடம் தந்தது. இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்றில் நச்சுநிரல் இருந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. முக்கிய உள்வலை அதிலிருந்து தனித்திருந்ததாகவும் விளக்கியது. ஒரு கணினி கெட்டாலும் மற்றவை கெடாதபடி பிரித்து வைப்பதும் காவலே.

மேசையை விட்டகன்ற ஆவணம்

ஐஎல்ஜிஎம்எஸ், பிறகு 2025 ஏப்ரலில் பஞ்சாயத்துகளுக்கும் விரிந்த கே-ஸ்மார்ட் ஆகிய இணையவழி மென்பொருள்களால் பஞ்சாயத்து ஆவணங்கள் மைய சர்வருக்குச் சென்றன. மேசைக் கணினி பழுதானாலும் பிறப்புப் பதிவு அழியாது. ஆனால் ஆபத்தும் ஓரிடத்தில் குவிகிறது: 2024 ஏப்ரல் இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது கதிர்வீச்சுச் சிகிச்சையே தடைபட்டது. இத்தகைய நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென 2022 ஏப்ரலிலேயே செர்ட்-இன் ஆணையிட்டிருந்தது.

முடிவுரை

பிளாப்பிக் காலத்தில் பதிவேட்டைக் காக்க மேசைக் கணினியைக் காத்தார்கள். இன்று பதிவேடு சர்வரில் இருக்கிறது. மேசையில் எஞ்சியிருப்பது ஊழியரின் கடவுச்சொல்லும் செயலாளரின் மின் கையொப்பமும். அவற்றைத் திருடும் நிரல் எந்தக் கோப்பையும் பூட்டாது, எந்தப் பணமும் கேட்காது. செயலாளர் பெயரிலேயே சான்றிதழ் வழங்கிவிடும். எனவே காரோடு போன்ற ஓர் அலுவலகத்தில் தள்ளிப்போடாத அப்டேட்டும் தனித்து வைத்த பேக்கப்பும் தேவை. அவற்றோடு, பிறருக்குக் கொடுக்காத கடவுச்சொல்லும் இன்று பதிவேட்டுக் காவலின் பகுதியாகிவிட்டது.