கப்பலுக்குப் போன பிள்ளை

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, நல்ல மழையில், என் அக்கா மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு வந்து சேர்ந்தாள். கையில் குடை, இடுப்பில் செருகிய முந்தானைக்குள் ஒரு உறை, உறைக்குள் எழுதாத வெள்ளைக் காகிதங்கள்.

"நீ கதையெல்லாம் எழுதுகிறாயே, இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடு" என்றாள்.

அவளுடைய பிள்ளை கடற்படையில் சேர்ந்திருந்தான். ஒரிஸ்ஸாவில் சில்கா ஏரிக்கரையில் முதற்பயிற்சி முடிந்து, மேற்பயிற்சிக்கு ஜாம்நகருக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அதே பத்து நாளைக்குள்தான் எங்கள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையாகியிருந்தாள். அந்தப் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கி வளர்த்தவள் அம்மா. இதை அவனுக்குச் சொல்வதா, மறைப்பதா? அக்காவுக்கு அதுதான் சங்கடம்.

"டெலிபோனில் பேசக் கூடாதா?" என்றேன்.

"பேசினால் இரண்டு நிமிஷம். 'சௌக்கியம், வைத்துவிடுகிறேன்' என்கிறான். அதற்குள் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும். கடிதம் என்றால் அழுதுவிட்டு எழுதலாம்."

கடிதம் எழுதுவதைப் பற்றி இதைவிடச் சரியான இலக்கணத்தை நான் கேட்டதில்லை. ஆனாலும் பேனாவைக் கையில் எடுத்தபோது எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. எழுத வராத எழுத்தாளன் என்ன செய்வான்? புத்தகம் தேடுவான். கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் இதற்கு முன் என்ன செய்தன என்று அன்றிரவு தொடங்கிப் பல நாள் படித்தேன். படித்ததில் சிலவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. கடற்படையில் கரைமேல் இருக்கும் முகாமுக்கும் கப்பல் என்றே பெயர். 1980-ல் தொடங்கிய சில்கா முகாமுக்கு 'ஐ.என்.எஸ். சில்கா' என்று பெயர். செங்கல்லும் சிமெண்டும்தான், ஆனாலும் கப்பல். ஜாம்நகரில் இருக்கும் 'வல்சுரா'வும் அப்படியே. 1942-ல் டார்பிடோப் பள்ளியாகப் பிறந்து, பிற்பாடு மின்சார வேலை கற்பிக்கும் இடமாக வளர்ந்தது அது. நம் சென்னையிலும் 'அடையாறு' என்று ஒரு கப்பல் உண்டு. அதைப் பார்க்க அடையாற்றுக்குப் போனால் ஆலமரத்தைத்தான் பார்க்கலாம். அது இருப்பதோ கோட்டைப் பக்கம். "பிள்ளை கப்பலில் இருக்கிறான்" என்று மாட வீதி முழுவதும் சொல்லி வைத்த அக்கா, அது கட்டிடம் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போனாள்.

சென்னைப் பட்டணத்துக்குக் கடற்படை என்றால் நெடுங்காலம் பயம் என்றே அர்த்தம். 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, கார்ல் வான் முல்லர் என்ற ஜெர்மன் தளபதியின் 'எம்டன்' துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் வந்தது அரைமணி நேரத்துக்கு. அதன் பெயரோ நம் பாஷையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கெட்டிக்காரத்தனமும் கண்டிப்பும் உள்ள மாமனாரை 'எம்டன்' என்று சொல்லாத மாப்பிள்ளை இந்த ஊரில் உண்டா? பிறகு 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து, 6-ந் தேதி விசாகப்பட்டணத்திலும் காகிநாடாவிலும் குண்டு போட்டபோது, மயிலாப்பூர் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. தட்டுமுட்டுச் சாமான்களோடு கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் போனவர்கள் போனார்கள். எங்கள் தாத்தாவும் போனார் என்று அம்மா சொல்லுவாள்.

ஆனால் அதே யுத்த காலத்தில்தான் நம் பிள்ளைகள் கப்பலுக்குப் போகவும் தொடங்கினார்கள். 1939-ல் ராயல் இந்தியக் கடற்படையில் இருந்தவர்கள் 2,000-க்கும் குறைவு. 1945-ல் சுமார் 30,000. கடலையே பார்த்திராத கிராமங்களிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். அந்த 30,000 வீடுகளிலும் ஒரு தாயார் தபால்காரன் வரும் வேளைக்கு வாசலில் நின்றிருப்பாள் அல்லவா? அவர்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்களில் ஒரு பக்கம் கிடையாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

இங்கிலாந்தில் மாத்திரம் ஒரு சட்டத்தின் தலைப்பிலேயே மாலுமியின் மனைவி மக்கள் இடம் பெற்றிருக்கிறார்கள். 1758-க்கு முன் அந்த நாட்டு மாலுமிக்குக் கப்பல் திரும்பிக் கணக்குத் தீர்த்தால்தான் சம்பளம். வருஷக் கணக்கில் பாக்கி நிற்கும். கையில் கிடைப்பது ஒரு சீட்டு. அதைத் தரகனிடம் பாதி விலைக்கு விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்த வருஷம் ஜார்ஜ் கிரென்வில் என்பவர், கடற்படைப் பொக்கிஷத்துக்குத் தலைவராக இருந்தவர், ஒரு சட்டம் கொண்டு வந்தார். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். மாலுமி விரும்பினால் அது வீட்டுக்கே போய்ச் சேர வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதே கிரென்வில்தான் பின்னால் பிரதம மந்திரியாகி, ஸ்டாம்பு வரி போட்டு, அமெரிக்கா கைநழுவிப் போக வழிகோலியவர். மாலுமிகளின் மனைவிமார் மட்டும் அவரைச் சபித்திருக்க மாட்டார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "பணம் அனுப்புகிறான். பணத்துக்கா நான் கேட்டேன்?" என்றாள். "அவன் என்ன சாப்பிடுகிறான் என்று அல்லவா எனக்குக் கவலை!"

சிரிக்கத் தோன்றியது. ஆனால் சிரிக்கவில்லை. சாப்பாட்டிலிருந்துதான் இந்தியக் கடற்படையின் மிகப் பெரிய கலகமே மூண்டது என்பதை அப்போதுதான் படித்துவிட்டு வந்திருந்தேன்.

1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' என்ற தந்திப் பயிற்சி முகாம். அங்கே இருந்தவர்கள் படித்த பையன்கள். ஆசை வார்த்தைகளைக் கேட்டு வந்தவர்கள். கிடைத்ததோ வாயில் வைக்க முடியாத சோறும், தளபதி கிங் என்பவரின் வசவும். அன்று காலை அவர்கள் சாப்பிட மறுத்துவிட்டார்கள். உண்ண மறுப்பதென்பது நம் வீடுகளிலும் கோபத்தின் முதல் அடையாளம் அல்லவா? நான்கைந்து நாளில் அது 78 கப்பல்களுக்கும் 20 கரை முகாம்களுக்கும் பரவிச் சுமார் 20,000 மாலுமிகளைப் பற்றிக்கொண்டது. எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் உபதலைவர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர். நம் சென்னை 'அடையாறு' முகாமும் சும்மா இருக்கவில்லை.

இந்தக் கதையில் என்னை நிறுத்தியது துப்பாக்கிப் பிரயோகம் அல்ல. வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பல்களுக்கு உணவு போகாமல் தடுத்தபோது, பம்பாய் ஜனங்கள் 'கேட்வே ஆப் இந்தியா'வுக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தார்கள். ரொட்டியும் பழமும் பாலும் கரையில் குவிந்தன. கப்பல்களிலிருந்து படகுகள் வந்து அவற்றை வாங்கிச் சென்றன. அந்தப் பையன்களில் எத்தனை பேருக்குப் பம்பாயில் உறவு இருந்திருக்கும்? மதராஸிப் பையனுக்கு ஒரு குஜராத்திக்காரி கொடுத்த ரொட்டி. பஞ்சாபிக்கு ஒரு மராத்திக்காரர் கொடுத்த வாழைப்பழம். சொந்தத் தாயார் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஏதும் தெரியாமல் கூட்டுக்குப் புளி கரைத்துக் கொண்டிருந்திருப்பாள்.

23-ந் தேதி, சர்தார் பட்டேலின் சொல்லைக் கேட்டு மாலுமிகள் சரணடைந்தார்கள். பம்பாய்த் தெருக்களில் அதற்குள் இருநூறு பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். கலகத்தில் சேர்ந்த நானூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளை வேலையை விட்டு நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைத் திரும்ப எடுத்துக் கொள்ளவில்லை. இந்தியாவும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை. உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரயிலேறி, ஏதோ ஒரு ஊரில் நடுநிசியில் கதவைத் தட்டியிருப்பான் ஒரு பிள்ளை. "ஏன் வந்தாய்?" என்று கேட்காமல் சோறு போட்ட வீடுகளும் இருந்திருக்கும், கேட்ட வீடுகளும் இருந்திருக்கும். நாவல் எழுதுகிறவனுக்கு அந்தக் கதவுக்குப் பின்னால்தான் சரித்திரம் இருக்கிறது.

இனி, நான் தேடிக்கொண்டே போனதற்குப் பலனாகக் கிடைத்த சங்கதி.

1971-ல் பாகிஸ்தானோடு யுத்தம் மூளும் சமயம். 'விக்ராந்த்' என்ற நம் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிக்க 'காஜி' என்ற நீர்மூழ்கி வந்திருந்தது. விசாகப்பட்டணத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அவர் அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, இந்தியக் கரையோரம்தான் இருக்கிறது என்று எதிரி நம்பும்படி பல தந்திரங்கள் செய்தார். காண்டிராக்டர்களிடம் மலைபோலக் காய்கறியும் இறைச்சியும் கேட்டார். 'ராஜ்புத்' என்ற பழைய நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி, பெரிய கப்பல் பேசுவதுபோல் கம்பியில்லாத் தந்தியில் ஓயாமல் பேச வைத்தார். அவற்றுள் ஒரு செய்தி மட்டும் சங்கேத பாஷையில் இல்லாமல் பகிரங்கமாகப் போயிற்று. விக்ராந்தில் உள்ள ஒரு மாலுமி, கடுமையாக நோய்வாய்ப்பட்டிருக்கும் தன் தாயாரின் நிலைமையை விசாரித்து அனுப்பிய சொந்தத் தந்தி அது!

கிருஷ்ணனே இதை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய யுக்தியை நினைத்து நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். சங்கேதச் செய்தியைச் சந்தேகிக்கிற எதிரியும் இதைச் சந்தேகிக்க மாட்டான். தாயார் படுத்திருக்கிறாள் என்றால் எந்தக் கட்டுப்பாட்டையும் ஒரு பையன் மீறுவான் என்பது எதிரிக்கும் தெரியும். அவனுக்கும் தாயார் உண்டு. டிசம்பர் 3-ந் தேதி நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டணத் துறைமுகத்துக்கு வெளியே காஜி வெடித்து மூழ்கியது. எதனால் என்று இரு நாட்டாரும் இரு விதமாகச் சொல்லுகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் தொண்ணூறு பேருக்கு மேல். ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆறு நாள் கழித்து, 9-ந் தேதி, டையூவுக்கு அப்பால் நம்முடைய 'குக்ரி' மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். காப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. டையூவில் ஒரு மேட்டின்மேல், கடலைப் பார்த்தபடி, கண்ணாடிக்குள் அந்தக் கப்பலின் சிறு உருவத்தை வைத்திருக்கிறார்கள். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

தந்திக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், "பாவம், அந்தப் பையனுடைய அம்மாவுக்கு அப்புறம் எப்படி ஆயிற்று?" என்றாள்.

"அப்படி ஒரு பையனும் இல்லை, அம்மாவும் இல்லை, அக்கா. எல்லாம் கட்டுக்கதை."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கட்டுக்கதைக்கே அத்தனை பலம் இருக்கிறதென்றால் நிஜத்தை மறைக்கக் கூடாது. நான் சௌக்கியம் என்று பொய் எழுதினால், நாளைக்கு நிஜமாகவே சௌக்கியம் என்று எழுதும்போதும் அவன் நம்பமாட்டான்" என்றாள்.

கடைசியில் கடிதத்தை அவளே எழுதினாள். நான் முகவரியை எழுதியதோடு சரி. பாட்டி விழுந்துவிட்டாள் என்று முதல் வரியிலேயே எழுதினாள். எலும்பு முறியவில்லை, ஆறு வாரம் படுக்கை என்று டாக்டர் சொன்னதை அப்படியே எழுதினாள். லீவு கேட்க வேண்டாம், பாட்டியே வேண்டாம் என்கிறாள் என்றும் எழுதினாள். பிறகு தெப்பக்குளத்தில் தண்ணீர் ஏறியிருப்பதையும், எதிர்வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்தையும், பருப்புப் பொடி தனியாக வருகிறது என்பதையும் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் நெருக்கி நிரப்பினாள். அம்மா படுத்தபடியே பென்ஸிலால் தன் பெயரை மட்டும் கோணலாகப் போட்டாள்.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. அரைப் பக்கம். சாப்பாடு பரவாயில்லை, பொடியில் பாதியை இரண்டு பீகார்ப் பையன்கள் தீர்த்துவிட்டார்கள், இன்னும் அனுப்பவும் என்று இருந்தது. அடியில் ஒரு வரி:

"பாட்டிக்கு எந்தக் கால் என்று எழுதவில்லையே?"