எழுத்து அரபி, பேச்சு தமிழ்: வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஏட்டுக்கும் கல்லூரி அரபுத் துறைக்கும் என்ன தொடர்பு?

திருநெல்வேலி டவுணை ஒட்டிய பேட்டையிலோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேலப்பாளையத்திலோ, பழைய வீடு ஒன்றைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இருந்து மஞ்சள் பூத்த நோட்டு ஒன்று வருகிறது. எழுத்து அரபி. "குர்ஆனா இருக்கும், கீழ போட்றாதீங்க" என்று யாராவது சொல்வார்கள். பழுதான வேத ஏடுகளை மரியாதையோடு மண்ணில் புதைப்பதும் ஓடும் நீரில் விடுவதும் வழக்கம். அந்த நோட்டும் அப்படியே போய்விட வாய்ப்பு உண்டு.

ஆனால் அது குர்ஆனாக இல்லாமல் இருக்கலாம். அரபி மொழியாகவே இல்லாமலும் இருக்கலாம். அரபி எழுத்தில் எழுதப்பட்ட தமிழாக இருக்கலாம்.

இதைப் பிரித்துச் சொல்ல இரண்டும் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் இடங்களில் ஒன்றுதான் கல்லூரி, பல்கலைக்கழக அரபுத் துறை. அங்கே என்னதான் நடக்கிறது?

அரபுத் தமிழ் என்றால் என்ன?

தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதாமல் அரபி எழுத்தில் எழுதுவதுதான் அரபுத் தமிழ். 'அர்வி' என்றும் சொல்வார்கள். தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக இதைப் பயன்படுத்தினார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? அரபியில் உள்ள பல ஒலிகளைத் தமிழ் எழுத்தில் சரியாகக் காட்ட முடியாது. அதேபோல ட, ப, ண, ற போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்து கிடையாது. அதனால் இருக்கிற அரபி எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். எ, ஒ என்ற உயிரொலிகளுக்குத் தனிக் குறிகள் வந்தன. குர்ஆன் ஓதப் பழகிய ஒருவர், கொஞ்சம் பயிற்சியிலேயே தன் தாய்மொழியையும் அதே எழுத்தில் படித்துவிடலாம். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பலருக்குப் படிப்பு கிடைத்த வழியும் இதுதான்.

சட்ட நூல், பாட்டு, மருத்துவக் குறிப்பு, கடிதம் என்று எல்லாமே இதில் எழுதப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' இதில் புகழ்பெற்ற நூல். 20-ஆம் நூற்றாண்டில் தமிழ் எழுத்துப் பள்ளிக் கல்வியும் அச்சும் பரவ, அரபுத் தமிழ் மெல்ல ஒதுங்கியது. இன்று அதைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

நெல்லைக்கும் அரபிக்கும் என்ன சம்பந்தம்?

தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகம்தான் பதில். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரேபியாவில் இருந்தும் ஹோர்முஸில் இருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதியிருக்கிறார். வியாபாரத்தோடு மொழியும் வந்தது. காயல்பட்டினம் அரபிக் கல்விக்குப் பேர்போன ஊரானது.

அந்த ஊர்க்காரர்தான் சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703). அரபியில் கவிதை எழுதியவர். 'வித்ரிய்யா' என்ற நபி புகழ்ப் பாடலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஈரடிக்கும் முன்னால் தானே மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தடிப் பாடலாக விரித்தார். 'தக்மீஸ்' என்று அரபியில் இதற்குப் பெயர். உமறுப்புலவர் 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை எழுதியபோது, அதற்கான அரபிச் செய்திகளைக் கேட்டு இவரிடம்தான் போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இவர் பெயரில் 1971-ல் தொடங்கப்பட்டதுதான் பாளையங்கோட்டை ரஹ்மத் நகரில் உள்ள சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இந்தக் கல்லூரியில் அரபுத் துறை இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி ஆகியவற்றிலும் அரபுத் துறைகள் உண்டு. இந்த இரண்டு கல்லூரிகளும் 1951-ல் தொடங்கியவை.

துறைக்குள் என்ன நடக்கும்?

'அரபுத் துறைன்னா ஓதிக் கொடுக்கிற இடம்தானே' என்று நினைப்பவர்கள் நிறைய. அது மதரஸாவின் வேலை. கல்லூரித் துறையின் வேலை வேறு.

முதலாவது, மொழிப்பாடம். தமிழகக் கல்லூரிகளில் பகுதி-1 மொழியாகத் தமிழுக்குப் பதில் அரபியை எடுக்கும் வாய்ப்பு உண்டு. பி.காம் மாணவரும் பி.எஸ்சி மாணவியும் அரபி வகுப்பில் ஒன்றாக உட்காருவது இப்படித்தான். மதத்துக்கும் சேர்க்கைக்கும் சம்பந்தம் இல்லை, யாரும் படிக்கலாம்.

இரண்டாவது, பட்டப்படிப்பும் ஆராய்ச்சியும். இலக்கணம், இஸ்லாத்துக்கு முந்தைய காலக் கவிதை, நவீன நாவல், மொழிபெயர்ப்பு எல்லாம் பாடங்கள். சங்கப் பாட்டுக்கு உரை இல்லாமல் நமக்குச் சிரமம் அல்லவா? பழைய அரபிக் கவிதையும் அப்படித்தான். அகராதியும் உரையும் கையில் இருந்தால்தான் வரி நகரும்.

மூன்றாவது, நிகழ்ச்சிகள். இதில் முக்கியமான நாள் டிசம்பர் 18. 1973-ல் அந்தத் தேதியில்தான் ஐ.நா. பொதுச்சபை அரபியைத் தன் அலுவல் மொழிகளில் சேர்த்தது. 2012 முதல் அந்த நாளை உலக அரபு மொழி நாளாக யுனெஸ்கோ கடைப்பிடிக்கிறது. கருத்தரங்கு, பேச்சுப் போட்டி, கவிதை வாசிப்பு, எழுத்தணிப் போட்டி என்று துறைகள் களைகட்டும் சமயம் அது.

இதனால் தமிழுக்கு என்ன லாபம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீகம், உருது துறை 1927-ல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய எஸ். முஹம்மது ஹுசைன் நயினார், தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர்கள் எழுதிவைத்ததைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். போர்ச்சுகீசியரை எதிர்த்து மலபாரில் நடந்த போராட்டம் பற்றிய 16-ஆம் நூற்றாண்டு அரபி நூலான 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' நூலையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் பல்கலைக்கழகம் 1942-ல் வெளியிட்டது. நம் வரலாற்றில் ஒரு பகுதி அரபியில்தான் இருக்கிறது, அதைப் படிக்க ஆள் வேண்டும் என்பதற்கு இவையே சாட்சி.

எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. ஜாகிர் உசேன் திருக்குறளை அரபியில் மொழிபெயர்த்திருக்கிறார்.

அரபி தெரியாதுன்னு சொல்றீங்களா?

கோர்ட்டில் 'வக்கீல் ஆஜர்'. கடைக் கணக்கில் 'பாக்கி வசூல்'. பத்திர ஆபீஸில் 'அசல்', 'நகல்'. ஸ்டேஷனில் ரயில் 'ரத்து'. தாமிரபரணிப் பாசன வயலில் 'மகசூல்'. இத்தனையும் அரபி வேரில் இருந்து வந்த சொற்கள். பெரும்பாலானவை பாரசீகம், உருது வழியாக அரசு நிர்வாகத்தில் புகுந்து தெருவுக்கு இறங்கியவை.

சரி, வேலை கிடைக்குமா?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். முதுகலை முடித்து நெட், செட் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஆவண மொழிபெயர்ப்பு, வளைகுடா வியாபாரத்தோடு தொடர்புள்ள நிறுவனங்கள், அரபு நாட்டு நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் பணி ஆகியவை மற்ற வழிகள். ஆனால் வளைகுடா அலுவலகத்துக்குத் தேவைப்படும் அரபி வேறு, பழைய ஏட்டைப் படிக்கத் தேவைப்படும் அரபி வேறு. முதலாவதற்குச் சந்தை இருக்கிறது. இரண்டாவதற்குச் சந்தை கிடையாது. அதைப் படிக்க வைத்துக் காப்பாற்றும் பொறுப்பு துறைகளிடம்தான் இருக்கிறது.

வீட்டில் பழைய ஏடு இருந்தால்?

• மண்ணிலோ ஆற்றிலோ சேர்க்கும் முன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அரபுத் துறைப் பேராசிரியரிடமோ, அரபுத் தமிழ் தெரிந்த மூத்த ஆலிமிடமோ கேட்கலாம்.

• செலோ டேப் ஒட்ட வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது.

• பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், பக்க வரிசை மாறாமல் போனிலேயே படம் எடுத்து வையுங்கள்.

• ஏடு யாருடையது, எந்த ஊரில் இருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

படித்துப் பார்த்து அது வேதப் பக்கம்தான் என்று தெரிந்தால் வழக்கப்படி செய்துகொள்ளலாம். அது பாட்டியின் பாட்டாகவோ, தாத்தாவின் கடன் கணக்காகவோ, பெயர் தெரியாத ஒரு புலவரின் நூலாகவோ இருந்தால், வேறு பிரதி எங்கேயும் இல்லாமல் இருக்கலாம்.