வீட்டுவழிக் கல்வியில் அன்றாட வேலையும் உடனிருக்கும் பெரியவரும்

இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, குழந்தையின் வயதுக்கும் ஆற்றலுக்கும் இயல்புக்கும் ஏற்ற கல்வியைப் பள்ளிக்கு அனுப்பியோ வேறு வகையிலோ கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்கியது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் அக்கடமை இன்றும் தொடர்கிறது. பள்ளியில் சேர்க்காமல் பெற்றோரே பொறுப்பேற்று நடத்தும் வீட்டுவழிக் கல்வி அங்கே இப்பிரிவின் பலத்தில்தான் நிற்கிறது. அதை மேற்கொள்ளும் பெற்றோர் தேசியப் பாடத்திட்டத்தையோ குறித்த கால அட்டவணையையோ பின்பற்ற வேண்டியதில்லை என்பதால், சமைப்பதும் கடைக்குப் போவதும் தோட்டம் பார்ப்பதும் போதிய கல்வியாகுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஆகும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. ஆனால் அச்சான்று வேலையின் பெருமையைக் காட்டிலும், அவ்வேலையின்போது குழந்தையோடு இருந்து பேசும் பெரியவரின் இன்றியமையாமையையே காட்டுகிறது.

ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வீட்டுவழிக் கல்வியை மேற்கொண்ட 100 குடும்பங்களை ஆராய்ந்து உளவியலாளர் ஆலன் தாமஸ் 1998இல் வெளியிட்ட நூல், பல பெற்றோர் மணிக்கணக்கும் பாடவேளையும் வகுத்துப் பள்ளியைப் போலவே தொடங்கி, குழந்தைகளின் போக்கைக் கண்டு படிப்படியாக முறைசாராக் கற்றலுக்கு, அதாவது முன்திட்டமின்றி வாழ்வின் ஓட்டத்திலேயே நிகழும் கற்றலுக்கு, நகர்ந்ததைப் பதிவு செய்கிறது. அவ்வகைக் கற்றலின் பெரும்பகுதி உரையாடலில் நிகழ்ந்தது என்பது அவருடைய முதன்மையான கண்டறிவு.

இதற்கு முன்பே, 1984இல், பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் ஏறத்தாழ நான்கு வயதுடைய 30 சிறுமியரின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்ட ஆய்வு, வீட்டுப் பேச்சே நீளத்திலும் ஆழத்திலும் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. உழைக்கும் வர்க்க வீடுகளுக்கும் இது பொருந்திற்று என்பது, அவ்வீடுகளில் பேச்சு வறண்டது என்று எண்ணியிருந்தவர்களுக்குத் தக்க மறுமொழியாகும். சன்னல் துடைக்க வருபவருக்குப் பணம் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு சிறுமி தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, உழைப்புக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளும் பகுதி அவ்வாய்வு நூலில் உள்ளது. புரியாததை விடாமல் துருவும் இத்தகைய பேச்சை நூலாசிரியர்கள் அறிவுத்தேடல் என்று கருதினர். தாயும் மகளும் ஒரே உலகில் வாழ்ந்து, நேற்று நடந்ததை இன்று நினைவிற்கொண்டு பேசுவதே அதற்கு அடித்தளம்.

இவ்வடித்தளம் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஓர் அடுக்களை வேலையைக் கொண்டு விளக்கலாம். 225 கிராம் மாவும் மூன்று முட்டையும் சேர்க்கச் சொல்லும் கேக் செய்முறையைப் பாதியாக்க முனையும் எட்டு வயதுக் குழந்தைக்கு 112.5 கிராம் என்ற விடை கிடைக்கிறது. முழுக் கிராம் மட்டுமே காட்டும் தராசில் அந்த அரைக் கிராமை நிறுக்க வழியில்லை. அது இல்லாவிட்டால் கேக் கெடுமா என்று கேட்கும்போது, தோராயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற அளவியலின் அடிப்படைக் கேள்வியையே குழந்தை எழுப்புகிறது. ஒன்றரை முட்டைக்கோ தோராயம் உதவாது. இரண்டாவது முட்டையை அடித்துக் கலக்கி, அதன் பாதியை எடுக்க வேண்டும். எண்ணத்தக்க பொருளுக்கும் அளக்கத்தக்க பொருளுக்கும் உள்ள வேறுபாடு அங்கே கைக்கு எட்டுகிறது. ஆயினும், அவசரத்தில் இருக்கும் பெரியவர் தாமே மாவை நிறுத்துக் கொட்டிவிட்டால் இவற்றுள் ஒன்றும் நிகழாது.

பேசுவதற்கு ஆளில்லாதபோது வேலையின் அறிவு வேலையோடு நின்றுவிடக்கூடும். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற, 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து சிறாரைப் பற்றி டெரெசின்யா நூனெஸ் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் 98.2 விழுக்காடு சரியாயின. அதே எண்கள் வெறும் கணக்காகத் தரப்பட்டபோது 36.8 விழுக்காடே சரியாயின. பள்ளிக்கணிதம் வாழ்விலிருந்து விலகி நிற்பதற்கு இது சான்றாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு, அது நியாயமே. ஆனால் தெருவறிவு தானாகத் தாளுக்கு ஏறவில்லை என்பதும் இதே எண்களில் உள்ளது. அடுக்களையில் முட்டையைப் பிரிக்கையில் உடனிருந்தவரே மாலையில் பின்னத்தை எழுதிக் காட்டவும் கூடும் என்பதுதான் வீட்டுவழிக் கல்வியின் தனிச்சிறப்பு. இவ்விணைப்பைச் செய்யாத குடும்பம் அவ்வாய்ப்பை இழக்கிறது.

இந்த இணைப்புக்கு வேண்டியது நேரம். பெரும்பாலும் தாயே தம் வருவாய்க்குரிய வேலையைக் குறைத்தோ விட்டோ அந்நேரத்தைத் தருகிறார் என்பதை, முறைசாராக் கற்றலைப் போற்றும் எழுத்துகள் போதிய அளவு பேசுவதில்லை. அது செலவில்லாத கல்வி என்ற எண்ணம் அவருடைய உழைப்பைக் கணக்கில் சேர்க்காததால் வருவது. மதிப்பீட்டிலும் இவ்வுழைப்பு மறைந்துபோகிறது: இங்கிலாந்தில் தக்க கல்வி கிடைக்கவில்லை என்று தோன்றினால் உள்ளாட்சி அமைப்பு விளக்கம் கோர வேண்டும்; அதன் அலுவலர் குறிப்பேடுகளை மட்டும் கேட்பாராயின், பெற்றோர் பேச்சைக் குறைத்துத் தாள்களை நிரப்பத் தூண்டப்படுவர். குழந்தை கேட்ட கேள்வியையும், அது சில வாரங்களில் எவ்வாறு மாறிற்று என்பதையும் தேதியிட்டுக் குறிக்கும் பெற்றோரின் நாட்குறிப்பு, இக்கற்றலுக்கு நேர்மையான சான்றாக ஏற்கப்படத்தக்கது; அதைப் படித்து மதிப்பிடும் பயிற்சி அலுவலர்களுக்கு அளிக்கப்பட வேண்டும்.