பஞ்சிகாவத்தை ரேடியோக்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கார் ரேடியோ தேடி வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இது என்ட வாகனத்துக்கு ஏறுமா?" வாகன வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். கேள்வி அப்படியே இருக்கிறது, பதில்தான் மாறிக்கொண்டே வருகிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வின் மோட்டோரோலா என்ற பெயரில் விற்ற ரேடியோ, குறிப்பிட்ட ஒரு காருக்கென்று செய்யப்பட்டதல்ல. பெட்டி ஓரிடம், ஸ்பீக்கர் ஓரிடம், திருகும் குமிழ் ஸ்டியரிங் தண்டில் என்று, இடம் கண்ட இடத்தில் பூட்டினார்கள்.

சிக்கல் பற்றரியில் ஆரம்பித்தது. ஐம்பதுகளின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாறின. பழைய வால்வு ரேடியோவைப் புதிய காரில் பூட்டினால் வால்வின் இழை எரிந்துபோகும். நம்மூரில் தலைவலி வேறு. இன்றும் தெருவில் ஓடுகிற மோரிஸ் மைனர் காரில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, சேர்ந்திருக்கும். பிற்காலத்து ரேடியோவின் இரும்புக்கூடோ எதிர்முனை. இரண்டும் தொட்டால் பியூஸ் போகும், சிலவேளை ரேடியோவும் போகும். அந்நாளைய பிரிட்டிஷ் ரேடியோக்கள் பலவற்றில் முனையை மாற்றிப் போட ஒரு சிறு இணைப்பு வைத்திருந்தார்கள். புத்திசாலிகள்! மைனரில் இன்னொரு பொறியும் உண்டு. பழைய ஸ்பீக்கரின் ஒரு வயர் பொடியில் முடிந்திருக்கும். இன்றைய ரேடியோவில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே உயிருள்ளவை. ஒன்றை பொடியில் தொட்டால் உள்ளே ஐசி கருகிவிடும்.

பிறகு கொஞ்சக்காலம் நிம்மதி. ஜேர்மன்காரர்கள் வகுத்த டின் (DIN) அளவு, ஏறக்குறைய 180க்கு 50 மில்லிமீற்றர், உலகில் பல இடங்களுக்குப் பொதுவாயிற்று. ஓட்டை சரியென்றால் ரேடியோ ஏறும். என் தொழிலுக்கு அதுதான் பொற்காலம் என்பேன். ஜப்பான்காரர்கள் உயரத்தை இரட்டிப்பாக்கினார்கள், அதுவும் பரவாயில்லை. ஆனால் டொயோட்டா தன் ரேடியோவின் முகத்தை 200 மில்லிமீற்றராக அகட்டியது. அதைக் கொண்டுபோய் நிசானில் வைக்க வந்தவர்களுக்கு எத்தனை தடவை வாசலிலேயே "வேண்டாம் தம்பி" என்று சொல்லியிருப்பேன்!

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் கார்கள் குவிந்தபோது வந்ததுதான் பெரிய வினை. ஜப்பானில் அப்போது எப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. அதற்கு மேலே 108 வரை அவர்களுடைய தொலைக்காட்சி அலைவரிசைகள் இருந்தன. நம்முடையது 87.5 முதல் 108 வரை. தொண்ணூறுகளின் கடைசியில் சூரியன், சக்தி என்ற எப்.எம். நிலையங்கள் தமிழில் வந்து, எல்லோரும் எப்.எம். கேட்கத் தொடங்கியபோது, அழகான டொயோட்டா ரேடியோக்கள் இரைந்துகொண்டு கிடந்தன. ஏரியல் வயரில் ஒரு சிறு பெட்டியைப் பூட்டி அலைவரிசையைக் கீழே இறக்கினோம். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்குகிற பெட்டியென்றால் 103இல் ஒலிப்பது திரையில் 83 என்று தெரியும். பாட்டு கேட்கும், ஆனால் இரைச்சல் கூடும், அலைவரிசை முழுவதும் அகப்படாது. எனக்கு அந்தப் பெட்டி ஒருநாளும் பிடித்ததில்லை.

இப்போது பூட்டு மென்பொருளில் இருக்கிறது. ஐரோப்பிய ரேடியோக்கள் பல பற்றரி கழன்றதும் இரகசிய எண் கேட்கும். ஜப்பான் வரைபட ரேடியோக்கள் பல, பற்றரி கழன்று திரும்பினால் வரைபட அட்டை இல்லாமல் அசையாது. கேட்பதும் ஜப்பான் எழுத்தில்தான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, இருக்கிற கார்களையே சனம் திருத்தி ஓட்டியபோது இந்த ஊமை ரேடியோக்களைச் சுமந்துகொண்டு எத்தனையோ பேர் வந்தார்கள்.

ஆகவே, வாங்கப் போகிறவர்களே, உங்கள் காரின் ரேடியோவைக் கழற்றி, பின்பக்கச் செருகியைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் பற்றரியில் தொடுத்து, 90க்கு வெகு மேலே ஒரு நிலையத்தைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பற்றரி வயரைக் கழற்றி மறுபடி தொடுக்கச் சொல்லுங்கள். எண்ணோ அட்டையோ கேட்டால், அதையும் சேர்த்துத் தந்தாலொழிய காசை எடுக்காதீர்கள்.