எச்டி டிவி: சோஃபாவுக்கும் திரைக்கும் நடுவுல எத்தனை அடி?

போன மாசம் மாமாவோட டிவி வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு 32 இன்ச் 'எச்டி ரெடி', ஒரு 43 இன்ச் 'ஃபுல் எச்டி', ஒரு 43 இன்ச் '4கே' மூணையும் ஓட விட்டார். "நீதானேடா இன்ஜினியர், எது வாங்கலாம் சொல்லு"ன்னு மாமா என் பக்கம் திரும்பினார். சாஃப்ட்வேர் எழுதுறவனுக்கு டிவி தெரியும்னு யார் சொன்னது? நாளைக்கு வரோம்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். அதுதான் இந்த எபிசோட்.

கதை 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட ஆரம்பிக்குது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே, அடுத்த தலைமுறை டிவி எப்படி இருக்கணும்னு ஆராய்ச்சியில் இறங்கியது. எனக்குப் பிடிச்சது, அவங்க மெஷின்ல இருந்து ஆரம்பிக்கலை, மனுஷன்ல இருந்து ஆரம்பிச்சாங்க. ஆட்களை உட்கார வச்சு, எவ்வளவு பெரிய படம், எவ்வளவு தூரத்தில் இருந்தா நேர்ல பாக்குற மாதிரி இருக்குன்னு சோதிச்சாங்க. கிடைச்ச விடை: படத்தோட உயரத்தைப் போல மூணு மடங்கு தூரம். நல்ல கண்ணால ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் பிரிச்சுப் பாக்க முடியும். அந்தத் தூரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டா, சுமார் 1,100 வரிகள் வருது. அவங்க வச்சது 1125. அதில் படம் தெரியிற வரிகள் முதலில் 1035, பிற்பாடு 1080. இன்னிக்கு பெட்டியில் போட்டிருக்கிற 1080 இந்த வழியில் வந்ததுதான்.

ஆனா இவ்வளவு தகவலை அனுப்புறது பெரிய தலைவலி. என்எச்கே 'மியூஸ்'னு ஒரு முறையில் அதைச் சுருக்கி, சாட்டிலைட் வழியா அனுப்பியது. அசையாத காட்சி அருமையா இருக்கும், ஓடுற பந்து மங்கும். அடிப்படையில் அது அனலாக் ஒளிபரப்புதான்.

அமெரிக்கா உள்ளே வந்த காரணம் தமாஷானது. 1980களின் நடுவில், காலியா கிடந்த யுஎச்எஃப் சேனல்களை வாக்கி டாக்கி மாதிரியான ரேடியோக்களுக்குக் கொடுக்கலாம்னு பேச்சு வந்தது. டிவி கம்பெனிகள் பதறிப்போய், "எங்களுக்கு எச்டி வருது, இடம் வேணும்"னு சொல்லி, 1987 ஜனவரியில் வாஷிங்டனில் ஜப்பான்காரங்களோட மியூஸையே போட்டுக் காட்டினாங்க. இடத்தைக் காப்பாத்தத்தான் எச்டி கேட்டாங்க! அப்புறம் அரசு கமிட்டி, போட்டி எல்லாம் வந்துடுச்சு. நிபந்தனை, பழைய சேனலோட 6 மெகாஹெர்ட்ஸுக்குள்ளேயே எச்டி அடங்கணும். 1990 ஜூனில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கம்பெனி முழுக்க டிஜிட்டல் முறையை முன்வச்சதும் ஆட்டமே மாறிடுச்சு. இருபது வருஷத்துக்கும் மேல உழைச்ச ஜப்பானோட ஒளிபரப்பு முறை அந்தப் பந்தயத்தில் தோத்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

1993-ல் போட்டியாளர்கள் 'கிராண்ட் அலையன்ஸ்'னு ஒண்ணு சேர்ந்தாங்க. அப்புறமும் சண்டை ஓயலை. டிவிக்காரங்க, ஒரு தடவை ஒற்றைப்படை வரி, அடுத்த தடவை இரட்டைப்படை வரின்னு மாத்தி மாத்திக் காட்டுற இன்டர்லேஸ் வேணும்னாங்க. கம்ப்யூட்டர்காரங்களுக்கு அது ஆகாது, எழுத்து துடிக்கும். கடைசியில் பட்டியலில் 18 வடிவங்கள் வந்து நின்னுது! 1996 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்த எஃப்சிசி அந்தப் பட்டியலையே விட்டுடுச்சு, சந்தை பாத்துக்கட்டும்னு. சிபிஎஸ் 1080 இன்டர்லேஸ் எடுத்தது, ஏபிசி 720 ப்ரோக்ரசிவ் எடுத்தது. ரெண்டுக்கும் பேர் எச்டிதான். 2005-ல் ஐரோப்பாவில் வந்த 'எச்டி ரெடி' லோகோவுக்கும் குறைந்தபட்சம் 720 வரி போதும். கடையில பாத்த அந்த 32 இன்ச்ல 768 வரி.

சரி, மாமா வீட்டுக்கு வருவோம். இன்ச் டேப் வச்சு அளந்தேன். சோஃபாவில் இருந்து சுவர் 9 அடி. 32 இன்ச் டிவியில் படத்தோட உயரம் சுமார் 16 இன்ச். அந்த 768 வரியே ஆறடிக்கு அப்பால் கண்ணுக்குத் தனித்தனியாத் தெரியாது. அதனால 32-ல் ஃபுல் எச்டிக்குக் கூடக் காசு கொடுக்கிறது வீண். 43 இன்ச்னா உயரம் 21 இன்ச். அதில் 1080 வரியோட முழுப் பலன் அஞ்சரை அடியில், 4கே-வோட முழுப் பலன் மூணடிக்குள்ள. மூணடியில் உட்கார்ந்து யார் சீரியல் பாக்குறாங்க? அதுலயும் மாமாவோட கேபிள் பேக்கேஜ்ல பாதி சேனல் எஸ்டி, வெறும் 576 வரி. 4கே பேனல் அதை இழுத்துப் பெருசாக்கத்தான் செய்யும், இல்லாத விவரத்தைக் கொண்டுவராது.

ஆனா ஸ்கோர் எழுத்து பெருசாத் தெரியணும்னு மாமா சொன்னதால 32 வேண்டாம்னு முடிவாச்சு. 43 இன்ச் ஃபுல் எச்டி எடுத்தோம். கணக்குக்காக நான் சோஃபாவை ரெண்டடி முன்னாடி நகர்த்தி வச்சுட்டு வந்தேன். நடக்க வழியில்லைன்னு அத்தை மறுநாளே பழைய இடத்துக்குத் தள்ளிட்டாங்க.